வேனில் வளர்ந்த பவளம்

மாரிசெல்வியைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அப்படி ஒரு பிடிவாதக்காரி. மல்லாங்கிணற்றிலிருந்து ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு எங்களை ஏற்றிப்போகும் வேனில் அவள் முதன்முதலாக ஏறியது இரண்டாயிரத்து ஐந்தில், தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். தாய் தகப்பனும் இல்லை. மத்தியானம் நான் குழம்பை நீட்டினால், "வேண்டாம்க்கா, இருக்கு" என்பாள். என்ன இருக்கும்? வெறும் மோர்ச்சோறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வேன் பஞ்சராகி நடுரோட்டில் நின்றது. "சும்மா உக்காந்துருக்கதுக்கு ஆளுக்கொரு கதை சொல்லுங்கடி" என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். எல்லாரும் மாமியார் கதையாகச் சொன்னார்கள். மாரிசெல்வி மட்டும் இனி வரப்போகிற காலத்தைச் சொன்னாள். ஒரு நகரமாம். ஆளுக்கொரு பூட்டிய அறை. பக்கத்து அறைக்காரியோடு பேசினால் தண்டனை. சொந்தம், சிநேகம் எதுவும் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அங்கே பவளம் என்று ஒரு பெண், யார் தயவும் இல்லாமல் தனியாளாக நின்று அந்தச் சர்க்காரை ஒழித்துக்கட்டுவாளாம்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்வா?" என்று கேட்டாள் ஞானதீபம். அவள் என்னோடு ஒரே அறையில் சரவெடி பின்னுகிறவள். யார் வீட்டுக்குப் போனாலும் அடுப்படியைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பாள்.

"செவுத்துல ஓட்டை இருக்கும்க்கா. அது வழியா சோறு வரும்."

"சோறு தானா நடந்து வருமாக்கும்? ஆக்குறவ ஒருத்தி இருப்பால்ல?"

"இருப்பா" என்றாள் மாரிசெல்வி வேண்டாவெறுப்பாக.

"அது நான்தான். பவளத்துக்கு மட்டும் சோத்துக்கு அடியில ஒரு கருவாட்டுத் துண்டு வச்சு அனுப்புதேன். கதையில சேத்துக்கோ."

அன்றிலிருந்து தினமும் காலையில் வேனில் கதைதான். கருவாட்டைப் பார்த்த பவளம், யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று பயந்து தூக்கி எறிந்துவிட்டாள். மாரிசெல்வி வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னாள், திமிர். ஞானதீபம் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் பவளம் கருவாட்டைத் தின்றாள். தின்றுவிட்டு, மிச்சமிருந்த பருக்கைகளைப் பூப்போல அடுக்கித் தட்டைத் திருப்பி அனுப்பினாள். ஞானதீபம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் விடுவேனா? பக்கத்து அறைக்காரியாக உள்ளே போனேன். பவளம் சுருண்டு படுக்கும்போதெல்லாம் சுவரைத் தட்டி, "எந்திரிடி, பெரிய மகாராணி" என்று திட்டுவது என் வேலை. டிரைவர் சங்கிலிமுத்து அண்ணன், "ஏத்தா, எனக்கு ஒண்ணுமில்லையா?" என்று வேனையே ஓரங்கட்டிவிட்டார். அவரைக் காவல்காரன் ஆக்கினாள். பொல்லாதவன்தான், ஆனால் சாவிக்கொத்தைப் பக்கத்தில் போட்டுவிட்டுத் தூங்கிப் போகிறவன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்படி ஆளாளுக்கு நுழைந்து நுழைந்து, தனியாகவே நிற்பேன் என்றிருந்த பவளத்துக்குச் சிரிப்பு வந்தது, ரோஷம் வந்தது, அடுத்தவளுக்காகப் பயப்படவும் தெரிந்தது. ஒரு மத்தியானம் மாரிசெல்வி கேட்காமலேயே என் தூக்குச்சட்டியில் கைவிட்டுக் கத்தரிக்காயை எடுத்துத் தின்றாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இரண்டு வருஷம் கழித்து விருதுநகரில் மகளிர் குழு விழா. அங்கே அதுவரை வந்த கதையை மாரிசெல்வியைச் சொல்ல வைத்தோம். கேட்டுக்கொண்டிருந்த அகஸ்டின் சார் மதுரையில் ஒரு ரேடியோவுக்கு நாடகம் போடுகிறவர். நாடகம் எழுத வேலைக்கு வரச் சொன்னார். தங்க ஹாஸ்டலும் உண்டு, திங்கட்கிழமையே சேர வேண்டும் என்றார். இவள், "போகலை" என்றாள். எங்களுக்கு ஆத்திரமாக வந்தது. வெடிமருந்துக்குள் கையை விட்டுப் பிழைக்கிற பிழைப்பு இது. காலையில் போகிறவள் சாயங்காலம் திரும்பினால்தான் நிச்சயம். இதிலிருந்து ஒருத்தியாவது தப்பட்டும் என்று பார்த்தால், வந்த வழியை இவளே அடைக்கிறாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை கதை முடிவுக்கு வந்தது. காவல்காரன் தூங்கிவிட்டான். சாவியை எடுத்த பவளம் எல்லா அறைகளையும் திறந்தாள். குறுகலான நடைபாதையில் முன்னால் பவளம், பின்னால் நாங்கள். வெளிவாசல் திறந்தாயிற்று. வாசல்படியில் கால் வைத்தவள் நின்றாள். திரும்பினாள். "வெளியில எனக்கு யாரு இருக்கா? எல்லாரும் உள்ளயே ஒண்ணா இருப்போம்" என்று கதவைச் சாத்திவிட்டாளாம்.

வேனில் ஒரே கூச்சல். "வாசல மறிச்சுக்கிட்டு நிக்காளே, பாதகத்தி!" என்று ஞானதீபம் எழுந்தே விட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். புகை கண்டால் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவள் முதலில் ஓட வேண்டும். நிற்கக் கூடாது, யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் ஓடினால்தான் பின்னால் இருப்பவளுக்கு வழி. பாசத்தில் ஒருத்தி நின்றால் அறையில் உள்ள அத்தனை பேரும் கருகிப் போவோம்.

"நீ நின்னா நாங்க எப்படிடி வெளிய வருவோம்?" என்றாள் ஞானதீபம். "பவளத்தச் சொல்லலை. உன்னத்தான் சொல்லுதேன். போ."

மாரிசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "அங்கன எனக்கு ஒருத்தரையும் தெரியாதே வள்ளியக்கா."

"இங்கன வரும்போது மட்டும் யாரத் தெரியும் ஒனக்கு?" என்று கத்தினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். எங்கள் கையிலிருந்த தன் பையை மாரிசெல்வி வாங்கிக்கொண்டாள். விடுவிடுவென்று நடந்தாள். மதுரை பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். நாங்கள் கையை ஆட்டிக்கொண்டே நிற்கிறோம், கழுத்தை இம்மிகூடத் திருப்பவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

"பாத்தியா அந்தக் கழுதைய? ஒரு தடவ திரும்பிப் பாத்தா என்ன கொறஞ்சா போயிருவா?" என்றேன்.

"நாமதானடி பாக்கக் கூடாதுன்னு சொன்னோம்" என்றாள் ஞானதீபம், மூக்கைச் சிந்திக்கொண்டே.

"நாம சொன்னதுல எத அவ ஒழுங்கா கேட்டுருக்கா? இத மட்டும் கேக்கணுமா?" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.