பதின்மூன்றாம் பக்கத்து மேஸ்திரி

1. செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால்

கோயில் கமிட்டித் தலைவர் விழா மலரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்குள் நுழைந்த நேரம் அது. நாளையும் நேரத்தையும் குறித்து வைப்பது என் பழக்கம். ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் இருந்த அந்த அச்சகத்தில் நான் தமிழ்ப் பிழைதிருத்துபவன்.

“எவன்டா எங்க தாத்தாவை மேஸ்திரின்னு போட்டவன்?”

“உக்காருங்க தலைவரே, டீ சொல்றேன்,” என்றார் முதலாளி.

“உன் டீ யாருக்கு வேணும்? இதைச் செஞ்ச ஆள் இங்க இருக்கக் கூடாது. இருந்தா ஒரு புஸ்தகம் எடுக்க மாட்டேன்.”

மலரின் பன்னிரண்டாம் பக்கத்தில் அவருடைய குடும்ப வரலாறு இருந்தது. முன்னோர்கள் தஞ்சை மன்னரின் தளபதிகள் என்று அவரே எழுதிக் கொடுத்தது. எதிர்ப்பக்கத்தில் நான் எழுதிய ரோமாபுரிக் குறிப்பு. அதில் அவர் தாத்தாவின் பேச்சே கிடையாது.

2. அரைப் பக்கம்

ஒரு விளம்பரம் வராமல் பதின்மூன்றாம் பக்கத்தில் பாதி காலியாகிவிட்டது. “எதையாவது போடுங்க சயா, உங்களுக்குத்தான் ராஜா கதையெல்லாம் தெரியுமே,” என்றார் முதலாளி. சயா என்றால் வாத்தியார். நாலு புத்தகம் படித்தவனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கி.பி. 69இல் ரோமப் பேரரசரான வெஸ்பாசியனின் வம்சத்தைப் பற்றி எழுதினேன். பாட்டனார் பெட்ரோ, கி.மு. 48இல் ஃபார்சலஸ் போர்க்களத்திலிருந்து ஓடி ஊர் சேர்ந்தவர். பிறகு ஏலப் பணம் வசூலித்துப் பிழைத்தார். தந்தை வரி வசூலித்தவர். முகஸ்துதிக்காரர்கள் சிலர் அந்த வம்சத்தை ஹெர்குலிஸின் தோழன்வரை கொண்டுபோனபோது வெஸ்பாசியனே சிரித்துவிட்டார். பூட்டனார், ஆண்டுதோறும் உம்பிரியாவிலிருந்து சபைன் நாட்டு வயல்களுக்குக் கூலியாட்களைக் கூட்டிவந்த மேஸ்திரி என்றும் ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பிறகு இரண்டு வரிகள்: நன்றாகத் தேடியும் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று பழைய சரித்திரக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

பக்கம் கட்டியவர் ஸ்டெல்லா. தமிழ் பேசுவார், கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளை அடுக்குவார். ஆனால் வாசித்துப் பொருள் கொள்ள அவருக்குப் பர்மிய எழுத்துதான் வரும்.

“சயா, ரெண்டு வரி மிஞ்சுது. கரண்ட் போறதுக்குள்ள சொல்லுங்க, எதை வெட்டட்டும்?”

கடைசி இரண்டு வரிகளை விரலால் காட்டினேன்.

3. யார் போவது

“தலைவரே, அது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ரோமாபுரிக் கதை,” என்றேன்.

“ரோமாபுரியில ஏதுய்யா மேஸ்திரி? லான்மடா பேட்டையில யாரை வேணா கேளு, மேஸ்திரி வீடுன்னா எங்க வீட்டைத்தான் காட்டுவான்!”

எல்லோரும் தரையைப் பார்த்தோம். தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கும் உறைத்தது. குரல் இன்னும் ஏறியது.

முதலாளி என் கையெழுத்துப் பிரதியைத் தேடியெடுத்து அச்சோடு ஒப்பிட்டார். “இங்க பாருங்க தலைவரே. ஆதாரம் இல்லைன்னு சயா ஒழுங்காத்தான் எழுதியிருக்கார். இந்தப் பொண்ணு வெட்டிடுச்சு. இன்னையோட நிறுத்திடறேன்.”

பக்கம் கட்ட வேறு ஆள் கிடைக்கும். தமிழ்ப் பிழை திருத்தக் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டெல்லா சாப்பாட்டுக் கேரியரைப் பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“நீங்க காட்டின வரியைத்தானே சயா வெட்டினேன்?”

“ஆமாம்மா.”

“அதுலயா அப்படி எழுதியிருந்துச்சு? வாசிக்கத் தெரிஞ்சிருந்தா, இது வேணுமேன்னு அப்பவே கேட்டிருப்பேன்.”

போர்க்களத்துத் தேதியை வெட்டியிருக்கலாம். ஏலக் கதையை வெட்டியிருக்கலாம். ரங்கூன் துறைமுகத்தில் என் தாத்தா கூலியாக மூட்டை தூக்கியது தலைவரின் தாத்தாவிடம்தான். வரிகளை வெட்டிய அன்று, ‘இடம் போதவில்லை’ என்று என் குறிப்பேட்டில் எழுதினேன். நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

பதின்மூன்றாம் பக்கத்தைத் தாளோடு கிழித்துவிட்டு மலரைக் கொடுத்தார்கள். தளபதிகள் பன்னிரண்டாம் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இடம் போதாதபோது உங்கள் விரல் எந்த வரிக்குப் போகிறது என்று பாருங்கள். என் விரல் போன இடத்துக்காக ஸ்டெல்லாவின் வேலை போனது.