குந்தி எழுந்த முனியம்மா

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு நான் ‘எக்சர்சைஸ் சார்’. அப்போது எனக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம். அதை இறக்கி வைத்தவர் வடக்குப்பட்டு முனியம்மா.

வயது எழுபதுக்கு மேல். நிமோனியாவில் ஒரு மாதம் படுத்ததில் தொடைச் சதை வற்றி, உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. காலில் மணல் மூட்டை கட்டித் தூக்கச் சொன்னேன், வாக்கர் கொடுத்து நடக்க விட்டேன். மூன்றே வாரத்தில் வார்டின் கோடிவரை தனியாக நடந்தார். டாக்டர் என் முதுகில் தட்டிவிட்டு டிஸ்சார்ஜ் எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முனியம்மாவோ கிளம்ப மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மகன் தன் வீட்டுக்காவது வரச் சொல்லிக் கெஞ்சினான். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டேனே, நடிக்காமலாவது இருக்கக் கூடாதா என்று கத்தியும்விட்டேன்.

வார்டு ஆயா ரோஸ் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

“நீங்க ஆம்பள சார், உங்களாண்ட எப்படிச் சொல்லும்? அதுங்க ஊர்ல கக்கூஸ் ஏது? ஏரிக்கரைக்குத்தான் போவணும். குந்துனா எழுந்துக்க முடியல. ஒருத்தர் தூக்கிவுட்டுத்தான் அதுக்குப் போவணும்னா, இங்கியே செத்துப்போறேங்குது.”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் பாடப் புத்தகத்து நோயாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். முனியம்மா வீட்டில் நாற்காலியே கிடையாது.

டிஸ்சார்ஜைத் தள்ளிவைக்கச் சொல்லி டாக்டரிடம் போய் நின்றேன். மறுநாள் முதல் முனியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தார். பிறகு அதைவிடக் குட்டையான பலகை, அப்புறம் இரண்டு செங்கல், கடைசியில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெறும் தரை. திரைக்குப் பின்னால் ரோஸ் எண்ணுவார், நான் வெளியே நின்று விரட்டுவேன். முட்டி வலியில் முனியம்மா என் வம்சத்தையே திட்டினார். திட்ட மூச்சு வந்ததே பாதி வைத்தியம்தான்.

பன்னிரண்டாம் நாள் திரையை விலக்கச் சொன்னார். கையில் சொம்பு நிறையத் தண்ணீர். கம்பியைத் தொடாமல் குந்தினார். எழும்போது தொடை வெடவெடவென்று ஆடியது. நான் கையை நீட்டினேன்.

“தொடாத சார்.”

எழுந்து நின்றார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மொத்த வார்டும் கைதட்டியது. நான் அழுதேன், சொல்வதற்கென்ன வெட்கம்.

சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார். “மூட்டயக் கட்டுடா. என் வூட்டுக்குப் போறேன்.”

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அதற்குப் பிறகு ரிட்டையர் ஆகும்வரை, வயதான நோயாளிகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, வீட்டுக்குப் போனால் எங்கே குந்துவீர்கள் என்பதுதான். பெண்களிடம் ரோஸ் கேட்பார்.