பதினொரு புளியமரம்

மாரண்டஹள்ளிக்கு மேற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. வெள்ளைக்காரன் காலத்தில் முப்பாட்டனுக்குக் கிடைத்தது என்று அப்பா சொல்வார். அந்தக் காலத்துக் காகிதத்தை மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினோம். ஒருத்தனும் பிரித்துப் படிக்கவில்லை. நானும்தான்.

அந்தக் காட்டில் ஒருவர் ராகி போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்பாவும் அங்கேதான் உழுதார். மாசியில் நாங்கள் போய் அங்கே நின்ற புளியமரங்களை உலுக்கி மூட்டை கட்டுவோம். அவர் கூடமாட ஒத்தாசை செய்து, கிளம்பும்போது ரெண்டு வள்ளம் ராகியும் அளந்து கொடுத்தனுப்புவார். மரியாதைக்குக் கொடுத்ததைக் குத்தகை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நாலு வருஷம் முன்னால், மனை பிரித்து விற்கலாம் என்று நானும் அண்ணனும் போய் அவரைக் கிளம்பச் சொன்னோம்.

"மரம் உங்களுதுங்க. காடு எங்களுது," என்றார்.

"காகிதம் இருந்தா எடுத்துட்டு வாய்யா," என்றேன். என்னைவிட இருபது வயசு பெரியவர்.

அவரிடம் காகிதம் இல்லை. பட்டா எங்கள் பெயரில் இருந்தது. அதற்கு ரொம்ப வருஷம் முன்னால் நில அளவை வந்தபோது அப்பா போய் அதிகாரி முன்னால் நின்றிருக்கிறார், அவர்கள் வீட்டில் யாரும் போகவில்லை. அவ்வளவுதான் எங்கள் உரிமை. ஒரே மாசத்தில் அவர் காலி செய்தார். நான் ஆள் விட்டு மரங்களை வெட்டிக் கம்பி வேலி போட்டேன்.

இந்த வருஷம் நிலம் வாங்க வந்தவரின் வக்கீல் மூலப்பத்திரம் கேட்டார். அப்போதுதான் மஞ்சள் துணியைப் பிரித்தேன். பழைய கையெழுத்து, எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. முப்பாட்டனுக்குக் கொடுத்தது பதினொரு புளியமரத்தின் பலன் மட்டும். நிலத்துக்கு வேறு பெயர் போட்டிருந்தது. நம்பாமல் தருமபுரி போய்ப் பழைய பதிவேட்டுக்கு நகல் மனுப் போட்டேன். அதிலும் அதே பெயர். ராகி போட்டவருடைய தாத்தா பெயர்.

அண்ணனிடம் காட்டினேன். "அந்தத் துணியிலேயே சுத்தி வெச்சுட்டுப் பேசாம இரு," என்றார்.

நாங்கள் வெளியேற்றிய அந்த மனுஷன் இப்போது மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்குகிறார். நகலைக் கொண்டுபோய் நீட்டினேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"ஏனுங்க, காகிதத்தை நீங்களே எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"காட்டைத் திருப்பி எழுதித் தர்றேனுங்க. அண்ணன் மாட்டேங்கிறாரு. நீங்க கோர்ட்டுக்குப் போங்க, நான் உங்க பக்கம் சாட்சி சொல்றேன்."

அவர் பெட்டியைத் தோளில் ஏற்றினார். "மரமெல்லாம் இருக்குதுங்களா?"

"வெட்டிட்டேன்."

"அது ஒண்ணுதானுங்களே உங்களுது," என்று சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போனார்.

என் பங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அண்ணன் இன்னும் போடவில்லை. வேலிக்குள் ராகியும் இல்லை, புளியும் இல்லை. முள்ளுதான் முளைத்துக் கிடக்கிறது.