இரண்டாவது சிடி

மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்த அன்றே எனக்குத் தொல்லை ஆரம்பித்துவிட்டது. மண்டபத்தில் பெரிய திரை இருக்கிறதாம். மாப்பிள்ளை, பெண் இருவருடைய சின்ன வயதுப் படங்களை அதில் ஓடவிடுவார்களாம். இப்போதெல்லாம் அப்படித்தானாம். இதையெல்லாம் காதில் வாங்கினாலே எனக்கு அலுப்பாக வரும். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் நான். ஷிப்ட் முடிந்து லூனாஸில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேரும்போது, காலணியைக் கழற்றிவிட யாராவது வந்தால் தேவலை என்றிருக்கும். இந்த லட்சணத்தில் திரையாம், படமாம்.

"அப்பா, அம்மா கல்யாண சிடிய பென் டிரைவ்ல போட்டுக் கொண்டாங்கப்பா. ஸ்கிரீன்ல அம்மாவும் வரணும்" என்றாள் மகள்.

"அதான் செவுத்துல போட்டோ இருக்கே. அதப் போடச் சொல்லு."

"போட்டோ பேசாதுலா அப்பா."

என் மனைவி டெங்கிக் காய்ச்சலில் போனபோது இவள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் படத்தில் பார்த்து வளர்ந்தவள். குரலைக் கேட்ட ஞாபகம் அவளுக்குக் கிடையாது. இப்போது போல் அப்போது ஆளுக்கொரு கைபேசியில் வீடியோ எடுக்கிற பழக்கமும் இல்லை. என் மனைவியின் குரல் பதிவான ஒரே இடம் எங்கள் கல்யாண சிடிதான்.

அது இரண்டு சிடியாக வந்தது. பாலிங் பக்கம் மனைவி பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் வந்து எடுத்தார். முதல் சிடியில் தாலி கட்டுவது வரைக்கும் எல்லாம் இருக்கும். ஆனால் அது முழுக்க நாதஸ்வரத்தை ஏற்றிவிட்டார். ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். இரண்டாவது சிடி சாயங்கால விருந்து. அதிலும் பாதி தூரம் பாட்டுதான். சாப்பாட்டுப் பந்தி வரும்போது பாட்டு தீர்ந்துபோனதோ, மனிதருக்குப் பொறுமை தீர்ந்துபோனதோ, அந்த இடத்தில் மட்டும் நிஜமான சத்தம் இருக்கும்.

பந்தியில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் ஊட்டிவிடச் சொன்னார். ஊட்டினோம். இன்னொரு தடவை என்றார். கை மறைக்கிறது, திரும்பவும் என்றார். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்காத மணப்பெண் அவள். கையில் சோற்றை வைத்துக்கொண்டே கேமராவை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, போதும்லா. பசிக்குது" என்றாள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிடியில் அவள் பேசியது அவ்வளவுதான்.

அவள் போன பிறகு நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. முடியவில்லை. வீட்டில் வேறு யாரும் அதைக் கேட்கவுமில்லை. பிறகு விசிடி பிளேயர் ஓடாமல் ரோசாக் ஆகிப் பழைய இரும்புக்காரனிடம் போனது. பிறகு வந்த கம்ப்யூட்டர்களில் சிடி போடுகிற இடமே இல்லை. காலம் இப்படித்தான் நம்மைக் கேட்காமல் கதவை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருகிறது. நாமும் அசதியில், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறோம்.

ஆனால் அந்த இரண்டாவது சிடி எங்கள் வீட்டில் மூலையில் கிடந்த பொருள் இல்லை. சாமி மேடையில் இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சிடியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஸ்டுடியோக்காரர் படம் அச்சடித்திருந்தார். முதல் சிடிக்குப் பிள்ளையார். இரண்டாவதற்கு நாங்கள் இருவரும் மாலையோடு நிற்கிற படம். மகள் சிறுமியாக இருந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் அம்மா படத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று நிற்பாள். சுமங்கலியாகப் போனவள், சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டியதுதான். படமோ சுவரில் உயரத்தில் மாட்டியிருந்தது, கைக்கு எட்டாது. நான் தூக்கிக் காட்ட வேண்டும். வேலையில் இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் தூக்க ஆள் இல்லை. ஒரு நாள் நான் வந்து பார்க்கும்போது, டிவிக்குக் கீழே இருந்த டிராயரிலிருந்து அந்த சிடியை அவளே தேடி எடுத்து, சாமி மேடையின் கீழ்ப்படியில் சாய்த்து வைத்திருந்தாள். படத்தில் இருந்த அவள் அம்மாவின் நெற்றியில் சந்தனம் அப்பியிருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்டிக்காரி என்று நினைத்தேன். "அடிப்பக்கத்துல கை வைக்காதம்மா. கீறல் விழுந்துரும்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எப்போது எடுத்தாலும் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுப்பாள். அன்று முதல் வெள்ளிக்கிழமை தவறாது. பழைய பொட்டை ஈரத் துணியால் துடைப்பாள். புதிதாகச் சந்தனம் குழைத்து வைப்பாள். பள்ளிக்கூடம் முடித்து, கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்து, சுவரில் இருக்கும் படம் தாராளமாகக் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு வளர்ந்த பிறகும் சிடிக்கு வைக்கிற பொட்டை அவள் நிறுத்தவில்லை. ஆயுத பூஜைக்கு என் மோட்டார் சைக்கிளுக்கும் அவள்தான் பொட்டு வைப்பாள். அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஓய்வு நாளில் இரண்டு சிடியையும் எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்குப் போனேன். முதல் சிடி பிஸ்கட் டின் ஒன்றில், பழைய தையல் சாமான்களோடு கிடந்தது. தேடி எடுப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஸ்டுடியோ இருந்த அதே கடைதான், ஆனால் இப்போது கைபேசி உறையும் சார்ஜரும் தொங்குகின்றன. எங்களைப் படம் எடுத்த அண்ணன்தான் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்ப்பதற்கு முன்பே கையிலிருந்த சிடிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இதத் தூக்கிக்கிட்டு வராத ஆளே இல்ல தம்பி. உக்காருங்க" என்றார்.

முதல் சிடியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். ஓடியது. அங்கங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்தது, சில இடத்தில் அப்படியே நின்று பிறகு நகர்ந்தது. ஆனாலும் ஓடியது. நாதஸ்வரம் கேட்டது. தலை நிறையப் பூவோடு என் மனைவி குனிந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை சின்னப் பெண்ணாகவா இருந்தாள் என்று திகைத்துப் போனேன். இப்போது என் மகளைவிடச் சின்னவள்.

இரண்டாவது சிடியை உள்ளே வைத்தார். பெட்டி உறுமியது. சுற்றியது, நின்றது, மறுபடியும் சுற்றியது. கடைசியில் வெளியே துப்பிவிட்டது. அவர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கீறலே இல்லையே. புதுசு மாதிரி வெச்சிருக்கீங்க."

"எம்பொண்ணு கைபடாம பாத்துக்கிட்டா அண்ணே."

வேறு ஒரு பெட்டியில் போட்டார். அதுவும் துப்பியது. பிறகு சிடியை எடுத்துத் தலைக்கு மேலே இருந்த டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் என் மனைவியின் நெற்றி இருக்கும் இடத்தில் வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. அதைச் சுற்றிலும் ஊசியால் குத்தியது போல் பொடிப்பொடியாக ஓட்டைகள்.

"இது என்ன தம்பி கறை?"

"சந்தனம்."

அவர் சிடியை மேசையில் வைத்து, விரலால் தொடாமலே காட்டினார்.

"எல்லாரும் அடிப்பக்கத்ததான் பத்திரமா பாக்குறாங்க. அது கனமான பிளாஸ்டிக், லேசுல ஒண்ணும் ஆகாது. படம் இருக்குறது மேல, இந்த ஸ்டிக்கருக்கு நேர் கீழ. மெல்லிசா சாயம், அதுக்கு மேல வெள்ளி மாதிரி ஒரு பூச்சு, அவ்வளவுதான். ஸ்டிக்கர் காகிதம்லா. ஈரத்தக் குடிச்சு உள்ள விட்டுருச்சு. பூச்சு அரிச்சுப் போச்சு."

"கொஞ்சம்தானே போயிருக்கு? மிச்சத்த எடுக்க முடியாதா?"

"நெத்தி நடு ஓட்டைக்குப் பக்கத்துலயே இருக்கு பாருங்க. சிடிய அங்கேருந்துதான் படிக்க ஆரம்பிக்கும். ஆரம்பமே இல்லன்னா, உள்ள சிடி இருக்குன்னே மெஷினுக்குத் தெரியாது. மிச்சமும் நல்லா இல்ல. ஈரம் சுத்தி ஓடியிருக்கு."

ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். உரித்தால் மிச்சமிருக்கும் பூச்சும் அதோடு சேர்ந்து வந்துவிடும் என்றார். பினாங்கில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாமே என்று கேட்டேன். பூச்சு இருந்தால் அவர்கள் படிப்பார்கள், ஓட்டையை யார் படிப்பது என்றார். எடுத்த டேப் இருக்கிறதா என்று கேட்டேன். அது மேலேயே வேறு கல்யாணங்களைப் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னார். அப்போது டேப் விலை அப்படி.

"நூறு வருஷம் இருக்கும்னு சொன்னீங்களே அண்ணே." எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"டப்பாவுல அப்படித்தான் போட்டிருந்தான் தம்பி. நானும் நம்பினேன். என் வீட்டுக் கல்யாணத்தையும் அதுலதான் போட்டேன்."

அதற்கு மேல் கோபப்படத் தெம்பில்லை. கடைசியாக ஒன்று கேட்டேன். பந்தியில் மணப்பெண் அவரைப் பார்த்துப் பேசியது ஞாபகம் இருக்கிறதா என்று. அந்தக் குரலை நேருக்கு நேராக வாங்கிக்கொண்டவர் அவர்தானே.

அவர் உண்மையிலேயே யோசித்தார். "எத்தன கல்யாணம் தம்பி" என்றார்.

முதல் சிடியை மட்டும் பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ஊருக்கு வெளியே ஒரு வீட்டின் மாமரத்தில் பறவைகளை விரட்டப் பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எதிர்வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. வழி நெடுக நான் யோசித்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். எது கெடுத்தது என்று மகளிடம் சொல்லக் கூடாது.

"ஊரு ஈரம்மா. சிடியும் மட்டமான சிடி. எல்லாருக்கும் இப்படித்தான் போச்சாம்" என்று சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு, "அம்மா அதுல என்னப்பா பேசுவாங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். அண்ணே, போதும்லா, பசிக்குது. என் முரட்டுத் தொண்டையில் அது என்னவோ வேலை இடத்துச் சண்டை மாதிரி கேட்டது. "அம்மா மாதிரி சொல்லிக் காட்டுங்கப்பா" என்றாள். முயற்சி செய்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வார்த்தை என்னிடம் இருக்கிறது, குரல் இல்லை. சிடியில் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் அதை எங்கேயோ விட்டுவிட்டிருந்தேன். மகள் முன்னாலேயே அழுதேன். அவள் என் தோளைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, அவள் சமையலறை ஜன்னல் அருகே எனக்கு முதுகு காட்டி நின்றாள். சிடியின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கியிருந்தாள். அம்மாவின் நெற்றி வழியாக வந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிடி சாமி மேடையில் அதே கீழ்ப்படிக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் விளக்கேற்றினாள், சுவரில் இருந்த படத்துக்குக் குங்குமம் வைத்தாள், அதோடு முடித்துக்கொண்டாள். சந்தனக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. சிடிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கிக்கொண்டவள் போல் கையைக் கட்டி நின்றாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கிண்ணத்தில் தண்ணீர் விட்டு நானே சந்தனம் குழைத்தேன். எனக்குப் பழக்கம் இல்லாத வேலை, கட்டி கட்டியாக வந்தது. அவளிடம் நீட்டினேன்.

"வைம்மா. அம்மா நெத்தி வெறுமையா இருக்கு."

"இன்னும் கெட்டுரும்பா."

"இனி கெடுறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நீ வை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு விரலைக் கிண்ணத்தில் விட்டாள். எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். பின்னால் இருந்த விளக்கின் வெளிச்சம் நெற்றி வழியாகத் தெரிந்துகொண்டிருந்தது. சந்தனம் வைத்ததும் அது மறைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கால் கடுத்தது, நகரத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அப்பா, போதும்லா. பசிக்குது."

வேண்டுமென்றே சொன்னாளா, பசித்துத்தான் சொன்னாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.