எஞ்சின் மூடிக்கு அடங்கிய பெட்டி

போன மாதம் என் மகள் சுமதி என்னை இரத்தினபுரியில் ஒரு வாத்தியக் கடைக்குக் கூட்டிப்போனாள். வாரநாட்களில் வங்கியில் காசோலை பார்க்கிறவள், சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு கல்யாண மண்டபங்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். கிட்டார் இருக்கிறது. அதன் சத்தம் வெளியே வர ஸ்பீக்கர் பூட்டிய பெட்டி ஒன்று வேண்டும், அதுவும் சின்னதாக வேண்டும். என் அபிப்பிராயம் கேட்கத்தான் அழைத்தாள் என்று நினைக்காதீர்கள். தூக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று, மற்றதில் பத்து அங்குலத்தில் இரண்டு. எடை, வாட், ஓம் என்று அவர் சொல்லிக்கொண்டே அட்டைப் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தார். புதுப் பலகையும் பசையும் கலந்த ஒரு வாசம் எழுந்தது. அதன்பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. தேயிலைப் பெட்டியின் வாசம் அது.

இன்றைய பிள்ளைகளுக்குத் தேயிலைப் பெட்டியைத் தெரியாது. மெல்லிய ஒட்டுப்பலகைச் சுவர்கள், ஓரமெல்லாம் தகரப்பட்டி, உள்ளே ஈரம் அண்டாமல் ஈயத்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தத் தாள் கோயில் மூலஸ்தானம் மாதிரி. தாள் கிழிந்தால் பெட்டி கழிவு. பிள்ளைகளை அடிக்காமல் வளர்த்த வீடுகளில்கூட ஈயத்தாளைக் கிழித்தால் அடி விழும்.

நான் அப்போது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். அரசாங்க வேலைக்குப் போனதும், பத்திரங்களில் எந்தத் திருத்தத்துக்கு எந்தக் கந்தோரின் எந்த ஜன்னலில் நிற்கவேண்டும் என்று ஊருக்கே சொல்லும் நிலைக்கு உயர்ந்ததும் பிற்பாடு. ஆனால் அந்த வியாதி அப்போதே தொடங்கிவிட்டது. தோட்டத்தில் லாரன்ஸ் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தான். பாடுவான், லீட் கிட்டார் அடிப்பான், தலைமுடிக்கு எண்ணெய் அவனளவு யாரும் செலவழித்ததில்லை. ஒலிபெருக்கி வைக்கப் பொலிஸ் அனுமதி எடுக்கவேண்டும். அதை எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு தந்தியில் நான் குழம்பியதால் நான்கு தந்தியைக் கையில் கொடுத்தார்கள்.

சேர்த்த காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் பாருங்கள், பேஸ் எனக்குப் பிடித்துப்போயிற்று. முன்னால் நின்று மினுக்காமல் பின்னால் நின்று எல்லோரையும் நடத்துகிற வாத்தியம் அது. கிளாக்கர் வேலையும் அதுதானே.

குழுவுக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். பாட்டும் லீடும் பேஸும் அதற்குள்தான். நான் கீழ்த் தந்தியை மீட்டினால் லாரன்ஸின் குரல் நடுங்கும்.

"சளி புடிச்சவன் மாதிரி பாட வைக்கிறியேடா" என்றான் ஒருநாள். "ஒனக்குத் தனிப் பெட்டி பார்த்துக்க. இல்லாட்டி சம்பந்தம் ஐயா வீட்டுக் கல்யாணத்தோட பேஸை நிப்பாட்டிக்குவோம்."

"அப்ப நான்?"

"நீ இல்லாம எப்படி? பர்மிட் யாரு எடுக்கிறது?"

அந்தப் பதிலோடு ஒரு வாரம் பெட்டி தேடி அலைந்தேன்.

பெட்டி ஒன்று கிடைக்கத்தான் செய்தது. கோயில் ரேடியோ செட்காரர் ஒதுக்கிய ஒரு பெரிய சாமான், என் தோளுயரம். அதைச் சந்தி வரை இரண்டு பேர் சுமந்துபோய் நின்றோம். தோட்டப் பாதையில் ஓடியது ஒரே பஸ். அதன் சாரதி பண்டார கண்ணாடி வழியாகப் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிங்களவரான அவருக்கு என் வயதுப் பையன்கள் எல்லோரும் 'மல்லி', தம்பி.

"மல்லி, கல்யாணம் ஒனக்கா? அலுமாரி எல்லாம் கொண்டு போறே."

"இது ஸ்பீக்கருங்க, பண்டார அய்யே."

"இது பஸ், லொறி இல்லே. எஞ்சின் மூடி மேல நிக்கிற மாதிரி கொண்டா, ஏத்துறேன்."

சாரதிக்குப் பக்கத்தில் ஒரு தகர மூடி இருக்குமே, அதுதான். சூடு தெரியாமலிருக்க, கிழிந்த கம்பளியைச் சாக்குக்குள் வைத்துத் தைத்து அதன்மேல் போட்டிருந்தார். கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணிகள், கோழிக்கூடை, பலாப்பழம் எல்லாம் அதன்மேல்தான் பயணம் செய்யும். பஸ் புறப்படும் முன் நான் அதை நூல் பிடித்து அளந்துகொண்டேன். உலகத்தில் வேறெங்கும் ஒரு பேஸ் பெட்டிக்கு இப்படி அளவெடுத்திருக்க மாட்டார்கள்.

தெஹியோவிட்டவில் நசீர் நானாவின் கடையில் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். அதை அவர் ஒரு குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார்.

"ஸ்பீக்கர்ல ஒன்னும் இல்ல தம்பி, பெட்டியிலதான் எல்லாம் ஈக்கி. சின்னப் பெட்டின்டா உள்ளுக்கு ஒன்னும் ஆடக் கூடாது. வெளங்கினதா?"

விளங்கியது என்றேன். படித்தவன் அல்லவா.

தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்து எஞ்சின் மூடிக்கு அடங்கும் உயரத்துக்கு அறுத்தேன். முகப்புக்குத் தடித்த பலகை, பின்பக்கத்துக்குத் திருகாணி. ஆட்டம் காணக்கூடிய ஒவ்வொரு மூலையிலும் பசை வைத்தேன். உள்ளே ஈயத்தாள் பளபளவென்று இருந்தது. அதை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாளைக் கிழிக்காமல் அறுத்தேன் என்பதில் பெருமை வேறு.

சம்பந்தம் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை அடைக்கும் பகுதியின் மேற்பார்வையாளர். மகள் கல்யாணம் அங்கே உத்தியோகத்தர் மன்றத்தில் நடந்தது. அதன் வாசல்தான் பண்டாரவின் கடைசித் தரிப்பு. பெட்டி எஞ்சின் மூடிமேல் ஒரு மாப்பிள்ளையைப் போல உட்கார்ந்து வந்தது. ஒரு பாட்டி இடம் பறிபோன கோபத்தில் அதன்மேல் வெற்றிலைப் பையை வைத்துக்கொண்டு வந்தார்.

முதல் பாட்டின் முதல் கீழ் ஸ்வரத்தை மீட்டினேன். பெட்டிக்குள்ளிருந்து, யாரோ முறத்தில் சரளைக்கல் புடைப்பதுபோல ஒரு 'சர்ர்ர்'. மறுபடி மீட்டினேன், மறுபடி சர்ர்ர். லாரன்ஸ் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் பொலிஸ் அனுமதி மட்டும்தான் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தவரிடம், "புது வாத்தியம் போல" என்றார்.

பந்தி போட்டதும் பெட்டியை ஒரு மூலைக்கு இழுத்துப் பின்பலகையைக் கழற்றினேன். ஈயத்தாள் அங்கங்கே பலகையை விட்டு எழும்பி, காற்றடித்த புடவைபோலப் படபடக்கக் காத்திருந்தது. நசீர் நானா சொன்னது அப்போதுதான் விளங்கியது. கையை விட்டு ஒரே இழுப்பு. மண்டபமே திரும்பும்படி கிழிந்தது.

சோற்றுக் கையோடு ஓடிவந்தவர் பெண்ணின் அப்பா சம்பந்தம். "ஐயையோ, தாளைக் கிழிக்காதீங்க தம்பி. சம்பந்தி வீட்டாளுங்க பாக்குறாங்க."

"தேயிலை இல்லீங்க மாமா, பாட்டுதான்."

"என்னவா இருந்தாலும் நல்ல நாளும் அதுவுமா" என்று முனகிக்கொண்டு, முகத்தைத் திருப்பி நின்றார். அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

தாள் போனதும் பெட்டி வெறும் தகர டின் போல் ஒலித்தது. உள்ளே எதையாவது அடைக்கவேண்டும். பாயசத்தோடு பக்கத்தில் வந்து நின்ற பண்டார கொஞ்சம் எட்டிப் பார்த்தார், வெளியே போனார், எஞ்சின் மூடிச் சாக்கோடு திரும்பினார்.

"எஞ்சினே இதுக்குக் கீழ சத்தம் கொறைக்குது. ஒன் பெட்டி என்ன பெரிசு?"

மடித்து உள்ளே அமுக்கி, பலகையை மூடி, பெட்டியை மூலையிலேயே சீமெந்துத் தரையில் விட்டேன். அடுத்த பாட்டு தொடங்கியது. கீழ்த் தந்தியைத் தொட்டேன். சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்தது. லாரன்ஸின் குரல் நடுங்கவில்லை. பெண்ணின் அப்பாவின் பெருவிரல் மட்டும், அவர் அனுமதி இல்லாமல், தரையில் தாளம் போட்டது.

திரும்பும் வழியில் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். எஞ்சின் மூடியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒருமுறை துள்ளி எழுந்து என்னை முறைத்தார்கள். சாக்கில்லாத மூடியின் சூடு. "பேஸ்காரர் கிட்ட கேளுங்க" என்று பண்டார எல்லோருக்கும் சிங்களத்திலும் தமிழிலும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இறங்கும்போதுதான் லாரன்ஸ் வாய் திறந்தான். "பர்மிட்டுக்கு வேற ஆளைப் பழக்கிக்கலாம். நீ பெட்டியைப் பத்திரமா வச்சுக்க."

அவன் அதைவிட நல்லதாக ஒரு பாட்டும் பாடியதில்லை.

"அப்பா, கேக்குதா?" என்றாள் சுமதி. கடையில் இரண்டு பெட்டியிலும் வாசித்துக் காட்டினாள். பத்து அங்குல ஜோடி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக எண்ணிக் கொடுத்தது. பன்னிரண்டு அங்குலத்தின் சத்தம் உள்ளங்காலுக்கு வந்தது. அவளே செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை வாசித்துப் பார்த்து, பன்னிரண்டைத் தொட்டாள்.

"இது த்ரீவீல்ல நமக்கு நடுவுல அடங்கும். வர்றப்பவே சீட்டை அளந்துட்டேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தேயிலை இப்போது காகிதப் பையில் போகிறது. எங்கள் தோட்டப் பாதையில் பஸ் இல்லை, பண்டாரவும் இல்லை. லாரன்ஸ் கொழும்புப் பக்கம் போனவன், பேச்சில்லை. என் தேயிலைப் பெட்டியைக் கறையான் தின்றது. கம்பளிச் சாக்கை மட்டும் அது தொடவில்லை, டீசல் வாசம்.

புதுப் பெட்டியை நான்தான் தூக்கினேன். ஒரு கை போதுமாயிருந்தது. அதன் முகப்புத் துளையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பசை வாசம் மட்டும்தான். "உள்ள என்ன அடைச்சிருக்கீங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"வெள்ளைப் பஞ்சுங்க, கம்பெனியே வச்சு வருது."

அந்தப் பஞ்சுக்காக யாரும் எஞ்சின் மூடியிலிருந்து துள்ளி எழுந்திருக்க மாட்டார்கள்.