கூர்க்காவின் விசில்

அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் விசிலின் வாய்ப்பக்கத்தில் மேலும் கீழும் பல் பதிந்த பள்ளங்கள் இருக்கின்றன. நாகலூரில் நான் சமையல் செய்யும் தங்கும் விடுதியில் காவலுக்கு இருந்த நேபாளத்துக்காரர் விட்டுப்போனது. அவரைப் பெயர் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கூர்க்காதான். அந்த நாட்டு மண்ணில் பிறந்தவனுக்குப் பயமே கிடையாது என்று பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் அடிக்கடி சொல்வார். சேலத்திலிருந்து மலையேறி வந்து, இலை அசைந்தாலே நடுங்கிய எனக்கு, அதை நம்புவது சௌகரியமாக இருந்தது.

ஒரு மார்கழிக் காலை. நல்ல பனிமூட்டம். பள்ளிக்குக் கிளம்பிய என் மகள் காப்பிச் செடிகளுக்கு நடுவே பாதி தூரம் போய், "அம்மா" என்று ஒருமுறை கத்தினாள். பிறகு சத்தமே இல்லை. நானும் கூர்க்காவும் ரைட்டரும் ஓடிப் பார்த்தால், பாதையை அடைத்துக்கொண்டு காட்டெருமை நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம், மரத்தோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர். பெற்றவள் நான், எனக்குக் கால் எழவில்லை.

"உங்க நாட்டாளுங்களுக்குத்தான் பயமே கெடையாதேங்க தம்பி, நீங்க போங்க சாமி," என்று கூர்க்காவின் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

"அக்கா, எனக்கும் பயம்," என்றார் அவர்.

"கூர்க்காவுக்கு ஏதுங்க பயம்? சும்மா சொல்றாப்ல," என்றார் ரைட்டர், பத்தடி பின்னால் நின்றுகொண்டு.

கூர்க்கா போனார். விசிலை வாயில் வைத்திருந்தாரே தவிர ஊதவில்லை. காட்டெருமை சீறித் தலையைத் திருப்பியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது அது செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர் என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மா, கூர்க்கா மாமா அழுவுறாரு," என்றாள் அவள்.

விசிலை அவர் பல்லிடுக்கிலிருந்து எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. ரைட்டர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இவன் நெசமான கூர்க்கா இல்லீங்க," என்றார். என் பிள்ளை என் இடுப்பில் உயிரோடு இருந்தாள். நான் அவள் ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே கூர்க்கா வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் பெயரை அன்றாவது கேட்டிருக்கலாம்.

இன்று காலையும் பனிமூட்டம். சமையலறைக்குப் பின்னால் அதே சீறல் கேட்டது. ஆளைக் கூப்பிடலாம் என்று விசிலை எடுத்து வாயில் வைத்தேன். மூச்சு வரவில்லை. பல் மட்டும் இறுகியது, அவர் கடித்த அதே பள்ளத்தில்.