இலையின் அடிப்பக்கம்

நர்சரி வைத்திருப்பவளைப் பார்த்து, "எப்பவும் பச்சைக்கு நடுவுல உக்காந்திருக்கீங்க, கொடுத்து வெச்சவங்க" என்று சொல்லாத வாடிக்கையாளரே கிடையாது. பாதி நாள் நாங்கள் பூச்சியோடு மல்லுக்கட்டுவது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

என் நர்சரி திருப்போரூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. இருபது வருஷமாக நடத்துகிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. கவலைப்படுவது மட்டும் நிற்கவில்லை. மாடியில் நாலு தொட்டி வைத்துவிட்டு, காலையில் பல் துலக்கும் முன்பே போய் இலைக்கு என்ன ஆச்சோ என்று பார்க்கிறவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே சாதி.

எண்ணெய்த் துணி

மாசி மாதம் ஆந்திராவிலிருந்து ஒரு லாரி லோடு வந்தது. குட்டைத் தென்னங்கன்றுகளும், பங்களா வாசலில் வைக்கும் அலங்காரப் பாக்குச் செடிகளும். இறக்கி வைக்கும்போதே பார்த்தேன். சில இலைகளில் வெள்ளையாக வளையம் வளையமாக ஏதோ இருந்தது. சின்னக் குழந்தை கோலமாவை விரலில் தொட்டுச் சுழித்து வைத்தது போல. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு வந்ததும் ஈரத் துணியால் இலையைத் துடைத்து, மேலே ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவுவோம். இலை பளபளக்கும், வாங்குகிறவருக்கு மனசு வரும். அந்த வெள்ளையையும் அப்படித்தான் துடைத்தேன். மேல்பக்கம் முழுக்கத் துடைத்தேன். அடிப்பக்கத்தில் கண்ணில் பட்டதை மட்டும். அடிப்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? பப்பாளியில் இதே மாதிரி வெள்ளையாக மாவுப்பூச்சி வந்த காலத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என்னிடம் பத்து வருஷமாக வேலை செய்யும் கன்னியம்மா மட்டும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது தூசி இல்லக்கா, உசுரு" என்றாள். பேசாமல் துடை என்றேன். அவள் சொன்னது: "தொடச்சா போவுற வெள்ளையா இருந்தா மொதல்ல என் தலையத் தொடச்சிருப்பேன்க்கா."

தேசம்மாளின் மரங்கள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் தேசம்மாள் இருக்கிறாள். மீன் விற்கிறவள். அவள் வீட்டு வாசலில் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கிற இரண்டு தென்னை மரங்கள், பல வருஷத்துக்கு முன் என்னிடம் வாங்கியவை. அந்த நம்பிக்கையில் மாசியில் வந்து இன்னும் இரண்டு கன்று வாங்கிப் போய்ப் பக்கத்திலேயே நட்டாள். துடைத்த கன்றுகள்.

சித்திரைக் கடைசியில் ஒரு மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மட்டையின் மேல்பக்கம் கரி பூசினது போல் கறுத்திருந்தது. அடிப்பக்கம் முழுக்க அதே வெள்ளை வளையம், தட்டினால் பறக்கிற பொடிப்பொடி வெள்ளை ஈ. கன்றிலிருந்து ஏறி இரண்டு பெரிய மரத்தையும் பிடித்துவிட்டது. ஈ விடுகிற பிசுக்கு கீழே சொட்டுகிறது. மரத்தடியில் மீன் கூடையை வைக்க முடியவில்லை, பக்கத்தில் காயப்போட்ட கருவாடு மேல் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது சொந்தக்காரர்கள் மொத்தமும் அந்த மரத்தடியில்தான் உட்காருவார்களாம்.

"லோடுல வந்ததும்மா, எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தேன். பாதியில் என் வாயே நின்றுவிட்டது. தெரிந்துதானே துடைத்தேன். துடைத்ததை அவளிடம் சொன்னேன். ஆடிக்குள் மரத்தைத் தேற்றித் தருகிறேன், இல்லாவிட்டால் இந்தச் சாலையில் தென்னை விற்பதையே விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவள் மட்டையை என் மேசை மேல் வைத்தாள்.

"நான் கெட்ட மீன் வித்தா மூஞ்சிலயே வுட்டெறிவாங்க. உன் மூஞ்சில நான் இன்னாத்த எறியறது, நீயே சொல்லு."

பாட்டில் இல்லாத மருந்து

மட்டையைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தது என் மகள் வயது மேடம். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இது கடல் தாண்டி வந்த பூச்சி, சுருள் வெள்ளை ஈ என்றார். மழை சீராக இருந்தால் அதுவே நிறையக் கழுவிவிடுமாம். போன ஐப்பசி, கார்த்திகையில் பரவலாகப் பெய்ய வேண்டியது மூன்று நாளில் கொட்டிவிட்டுப் போனது. அதற்கப்புறம் காய்கிற வெயில்தான், கோடை மழையும் இல்லை. எங்கிருந்தோ வந்த பூச்சிக்கு நம் ஊர் வெயில் சொந்த ஊராகிவிட்டது. "பறந்தா வந்திச்சு மேடம்?" என்று கேட்டேன். செடியோடு வந்தது, கப்பலிலும் லாரியிலும் நாம்தான் ஏற்றி வந்தோம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விஷ மருந்து அடிக்கக் கூடாதாம். இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு குளவி இருக்கிறதாம். கடுகை விடச் சின்னது. இலையில் வெள்ளைப் பொட்டு போல் ஒட்டியிருக்கும் குஞ்சு, குளவி புகுந்தால் கறுத்து ஓட்டை விழும் என்றார். விஷம் அடித்தால் முதலில் சாவது அதுதான். தண்ணீரை வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்ச வேண்டும், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்ட வேண்டும், கரிக்கு மைதாக் கஞ்சி தெளிக்க வேண்டும், காய்ந்ததும் உரிந்து விழும். எல்லாம் கேட்டுக்கொண்டு, அந்தக் குளவி பாட்டில் எங்கே கொடுப்பார்கள் என்று கேட்டேன். மேடம் சிரிக்காமல் சொன்னார்:

"பாட்டிலெல்லாம் இல்லக்கா. உங்க மரத்துலயே கொஞ்சம் இருக்கும். நீங்க கொல்லாம இருந்தா போதும்."

போர்டு

மறுநாள் காலை வாசலில் கரும்பலகை வைத்தேன். என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனாலும் பெரிதாக எழுதினேன்: "தென்னை, பாக்கு விற்பனை இல்லை. பூச்சி இருக்கிறது."

அந்தச் சாலையில் வரிசையாக நர்சரிகள். பக்கத்து நர்சரிக்காரர் சேகர் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். என்னை விடச் சின்னவர், சண்டை போடும்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னாக்கா இது? உன் கடைல பூச்சின்னா, ரோடு முழுக்கப் பூச்சின்னுதான நெனப்பான்? எந்த ஓட்டல்காரனாவது சாம்பார் ஊசிப்போச்சுன்னு போர்டு வெப்பானா?"

"ஊசிப்போன சாம்பாரு வாங்கினவன் வயித்தோட போயிடும் சேகரு. இது பக்கத்து வூட்டு மரத்துல ஏறும்."

"நீ ஒருத்தி நிறுத்தினா பூச்சி நின்னுடுமா?"

"நிக்காது. என் கை வழியாப் போவாது, அவ்ளோதான்."

போர்டை எடுக்கச் சொன்னார். முடியாது என்றேன். அவரே எடுக்கப் போனார். கன்னியம்மா ஹோஸ் பைப்பைத் திருப்பிப் பிடித்தாள். ஈரச் செருப்போடு திரும்பிப் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்:

"எட்டாங்கிளாஸோட உன்ன ஏன் நிறுத்தினாங்கன்னு இப்பதான்க்கா புரியுது."

இரண்டு நாள் கல்யாணம்

அதே வாரம் கடலோர ரிசார்ட் ஒன்றிலிருந்து சூப்பர்வைசர் டெம்போவோடு வந்தார். மண்டபத்து வாசலிலிருந்து மேடை வரைக்கும் இரண்டு பக்கமும் பாக்குச் செடி நிறுத்த வேண்டுமாம். என்னிடம் இருப்பதெல்லாம் போகும். செடிகளை ஓரமாகத் தனியே வைத்து, தினமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தோம். அவர் போர்டைப் படித்தார், செடியைப் பார்த்தார், பூச்சியையும் பார்த்தார். "போட்டோல தெரியாது, ஏத்துங்க" என்றார்.

நான் மறுத்தேன். ரிசார்ட்டைச் சுற்றி முழுக்கத் தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் குப்பம். அவர் போன பிறகு, சரியாகத்தான் செய்தோமா, கன்னியம்மாவுக்கு வேலை இல்லாமல் போய்விடுமோ என்று சாயங்காலம் வரைக்கும் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் கிளம்பும்போது அவர் சொன்னதை நினைத்தால் இப்போதும் மறுக்கத்தான் தோன்றுகிறது.

"கல்யாணம் ரெண்டு நாள் மேடம். மூணாவது நாள் அந்தப் பூச்சி எங்க போனா நமக்கு இன்னா?"

மரத்துக்குப் பரோட்டா

வாரத்துக்கு இரண்டு தடவை நானும் கன்னியம்மாவும் குட்டி யானை வண்டியில் மோட்டார் பம்பை ஏற்றிக்கொண்டு தேசம்மாள் வீட்டுக்குப் போனோம். முதல் வேலையாக அந்த இரண்டு கன்றையும் பிடுங்கிக் கொளுத்தினேன். அப்புறம் அடிப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சினோம். மரத்தைச் சுற்றி மஞ்சள் தாள் கட்டி விளக்கெண்ணெய் பூசினோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், "பொண்ணு மரம் எது, மாப்ள மரம் எது?" என்று கேட்டார்கள். மைதாக் கஞ்சி தெளித்த அன்றைக்கு தேசம்மாளின் கொழுந்தன், "மரத்துக்குப் பரோட்டா போட்டாச்சு, சால்னா எப்ப ஊத்துவீங்க?" என்றான். தேசம்மாள் சிரிக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

நாலு வாரம் ஆனது. கரி உரிந்தது, ஈ குறையவில்லை. ஐந்தாம் வாரம் நாங்கள் போய் இறங்கும்போது, கொழுந்தன் மருந்து அடிக்கிற ஆளை வரவழைத்திருந்தான். முதுகில் டேங்க், நெடி மூக்கை அறுத்தது. நான் ஓடிப்போய் ஒரு மட்டையைத் திருப்பி, இதற்கென்றே வாங்கியிருந்த லென்ஸை வைத்தேன். வெள்ளைப் பொட்டுகளுக்கு நடுவே ஏழெட்டு பொட்டு கறுத்திருந்தது. ஒன்றில் ஊசி குத்தினது போல் ஓட்டை. குளவி உள்ளேயிருந்து வெளியே வந்த வழி. மேடம் சொன்ன அதே அடையாளம்.

"அடிக்காத. வேலைக்கு ஆளு வந்துட்டாங்க" என்றேன். யாருக்கும் புரியவில்லை. கொழுந்தன், "இன்னாமே பேஜாரு பண்ற? மரம் எங்களுது" என்று கத்தினான். நியாயம்தான், மரம் அவர்களுடையது. பூச்சி என்னுடையது. கருவாடு காயப்போடும் பாயை இழுத்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அடிக்கிறதானால் என் மேலும் சேர்த்து அடி என்றேன். வாழ்நாளில் ரேஷன் கடை வரிசையில்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. புடவையெல்லாம் பிசுக்கும் கருவாட்டு வாசனையும். தேசம்மாள் அப்போதுதான் திண்ணென்ற முகத்தோடு வந்து என் கையிலிருந்த லென்ஸை வாங்கி, கறுத்த பொட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதே பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டேங்க்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் பட்டையைக் கழற்றினார். "யம்மா, நான் மருந்து அடிக்க வந்தேன், பஞ்சாயத்து பண்ண வரல."

செய்தித்தாளில் சுற்றியது

ஆனி மாதம் ஒரு மதியம் சேகர் பின்பக்க வேலி வழியாக வந்தார். செய்தித்தாளில் ஒரு இலையைச் சுற்றி வைத்திருந்தார். பிரித்தால், வாழை இலையில் வெள்ளை வளையம். தென்னையோடு நிற்காது, வாழையிலும் கொய்யாவிலும் ஏறும் என்று நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். லென்ஸைக் கொடுத்தேன், விளக்கெண்ணெய் டப்பாவைக் கொடுத்தேன். என் ஓரத்துப் பாக்குச் செடியில் கறுத்த பொட்டு நிறைந்த இலைகளாகப் பார்த்து வெட்டி, அவர் வாழைக்கு நடுவே கட்டச் சொல்லிக் கொடுத்தேன். குளவி அங்கேயும் போய்ச் சேரட்டும். வேலியைத் தாண்டும்போது நின்றார்.

"அக்கா, இத்த மட்டும் போர்டுல எழுதிடாத."

கூழ்

ஆனிக் கடைசியில் மூன்று நாள் சாயங்கால மழை பெய்தது. மேடம் சொன்ன மாதிரியே கழுவிவிட்டது. ஆடியில் தேசம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் கால் வைக்கவே பயமாக இருந்தது.

ஒரு மரம் நடுக்குருத்திலிருந்து நாலு மட்டை சுத்தப் பச்சையாக விட்டிருந்தது. இன்னொன்றில் கீழ் மட்டைகளில் கறுப்பு பாக்கி. திருப்பிப் பார்த்தேன், வெள்ளைப் பொட்டும் இருந்தது, அதைவிட அதிகமாக ஓட்டை விழுந்த கறுப்புப் பொட்டும் இருந்தது. மரத்தடியில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யார் தலையிலும் எதுவும் சொட்டவில்லை. கொழுந்தன் தன் மச்சானுக்கு லென்ஸ் இல்லாமலேயே குளவியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான், அவனே கூட்டி வந்தது போல.

தேசம்மாள் சொம்பு நிறையக் கூழும் ஒரு துண்டு கருவாடும் கொண்டுவந்து கொடுத்தாள். "முழுசாப் போவலம்மா, இனிமே போவாதுன்னு மேடம் சொல்றாங்க" என்று நானாகவே ஒப்புக்கொண்டேன். அவள் மரத்தை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தாள்.

"பூச்சியும் இங்கதான் இருக்கப்போவுது, நீயும் இங்கதான் இருக்கப்போற. ரெண்டு பேரும் கொஞ்சம் அடங்கி இருங்க."

எண்ணெய்த் துணியை அடுப்பில் போட்டாயிற்று. இருபது வருஷம் இலையின் மேல்பக்கத்தைக் காட்டிப் பிழைத்தவள், மிச்ச காலத்தை அடிப்பக்கத்தைப் பார்த்தே ஓட்ட வேண்டும் போலிருக்கிறது.